அந்த 25 நிமிடம்

2025 மே 10, சனிக்கிழமை. மாலை ஐந்தரை மணிவாக்கில் எங்கள் செய்திப் பிரிவில் ஒரே வாக்குவாதம். இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்தச் சம்மதித்துவிட்டன என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ட்ரூத் சோஷியலில் போட்டிருந்தார். அமெரிக்கா இரவெல்லாம் பேசிச் சமரசம் செய்ததாம். டெல்லி வாய் திறக்கவில்லை. செய்தியை ஏற்றலாமா, பொறுக்கலாமா?

ஆறு மணியளவில் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி வந்து சுருக்கமாகச் சொன்னார். பிற்பகல் 3.35-க்குப் பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் நம் தலைமை இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார். 5 மணி முதல் தரையிலும் வானிலும் கடலிலும் தாக்குதல் நிறுத்தம். அமெரிக்காவின் பெயரே அதில் இல்லை.

டெல்லியின் கணக்குப்படி, காரியத்தை முடித்தது ஒரு தொலைபேசி அழைப்பு. ஆனால் உலகம் முதலில் படித்தது டிரம்பின் பதிவை. அதை அழிக்க முடியாமல், எந்த உலகத் தலைவரும் நம்மை நிறுத்தச் சொல்லவில்லை என்று ஜூலையில் பிரதமரே மக்களவையில் விளக்க வேண்டியதாயிற்று. டிரம்ப் அப்போதும் விடவில்லை.

அறிவிப்பைப் படித்த மிஸ்ரியின் கதி இன்னும் மோசம். சண்டையை நிறுத்தியதற்கு அவர்தான் காரணம் என்பதுபோல எக்ஸ் தளத்தில் வசைமாரி. அவர் மகளையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் தம் கணக்கையே அவர் பூட்டிக்கொண்டார். ஐஏஎஸ் சங்கம் கண்டித்தது. தூதுவனைத் தாக்கக் கூடாது என்பது அரசர் காலத்திலேயே இருந்த மரபு, ஐயா!

டெல்லி முந்திச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காக வெளியுறவு அமைச்சகம் கையில் கிடைத்ததையெல்லாம் பதிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2018 ஆகஸ்டில், சவூதி அரேபியாவில் கைதான மனித உரிமைச் செயற்பாட்டாளர்களை உடனே விடுவிக்கச் சொல்லி கனடா ட்விட்டரில் எழுதியது. பதிலுக்கு அந்நாடு கனடா தூதரையே வெளியேற்றியது. உறவு சீராக 2023 மே ஆயிற்று.

வாசகத்தைச் சரிபார்க்க அவகாசம் தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 5 மணிக்கு அமலுக்கு வந்த முடிவை 5 மணிக்கே ஒரு வரியில் சொல்ல என்ன தடை? ‘தாக்குதல் நிறுத்தம் அமல், விவரம் 6 மணிக்கு’ என்றால் போதுமே. டிரம்ப் முந்திக்கொண்டது 5 மணிக்குப் பிறகான ஏறத்தாழ அந்த 25 நிமிட இடைவெளியில்தான். அடுத்த முறை அமைச்சகம் அந்த ஒரு வரியைத் தயாராக வைத்திருக்கட்டும். அதிகாரியின் மகளை ஏசியவர்கள்மீது வழக்கும் பாயட்டும்.