வல்லாரை லேகியம் கேட்டு வந்த டிரம்மர்!

"டாக்டரய்யா, எங்க பையனுக்கு ஞாபகசக்தியே இல்லீங்க. வல்லாரை லேகியம் நல்லாக் கேக்குமாமே, அதுல ஒரு பாட்டில் குடுங்க..."

மஞ்சக்குட்டையில் உள்ள என் வைத்தியசாலையில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. பரீட்சை நேரம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வழக்கமாக அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பிள்ளை ஒன்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். அன்றைக்கு நின்றவன் ஆறடி உயரம்! தோள் வரை முடி. கறுப்பு பனியன். அதில் யாராலும் படிக்க முடியாத எழுத்து. சேலத்தில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். வாரா வாரம் 20 கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறி வீட்டுக்கு வருகிற பையன்.

"படிப்பிலயா தம்பி மறதி?"

"படிப்பு பரவாயில்லீங்க சார். டிரம்ஸ்லதான் பாதியில மறந்துடுது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். பையன் செல்போனை எடுத்து என் காதில் ஒரு பாட்டை வைத்தான். 'டெக்னிக்கல் மெட்டல்' என்று பெயராம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்... பால் கேன் ஏற்றிய லாரி மலைப் பாதையில் உருண்ட மாதிரிதான் எனக்கு முதலில் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் தடவை கேட்டேன். அட! வலது கை ஒரே சீராக நாலு நாலாகத் தட்டிக்கொண்டே போகிறது. கால்கள் இரண்டும் ஐந்து, ஏழு என்று வேறொரு கணக்கில் ஓடுகின்றன. இரண்டும் பிரிந்து பிரிந்து போய், கடைசியில் ஓர் இடத்தில் 'டப்' என்று வந்து சேருகின்றன. நம் ஊர் கோர்வை வந்து இறங்குகிற மாதிரியே!

அவன் கேட்க வைத்தது ஸ்வீடன் நாட்டு மெஷுகா குழுவின் 'பிளீட்' என்ற பாட்டு. 2008-ல் வந்தது. அதற்கு டிரம்ஸ் வாசித்தவர் டோமாஸ் ஹாக்கே. அந்த ஒரு பாட்டுக்குக் காலைப் பழக்க அவருக்குப் பிடித்த நேரம், அந்த ஆல்பத்தின் மற்றப் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பிடித்த நேரத்துக்குச் சமமாம். உலகமே மெச்சுகிற வித்வானுக்கே அவ்வளவு உழைப்பு. நம் பையனுக்கோ மூன்றே வாரத்தில் காலேஜ் விழா! லேகியத்துக்கு வந்துவிட்டான்.

"எப்படிப் பழகுறே?" என்று கேட்டேன். சொன்னான். தாளில் ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை எண் எழுதி, எந்த எண்ணில் கால் விழ வேண்டும் என்று வட்டம் போட்டு வைத்திருக்கிறான். வாசிக்கும்போது மனசுக்குள் எண்ணிக்கொண்டே போகிறான். முதல் நாளிலிருந்தே பாட்டின் முழு வேகம். ராத்திரி பதினொன்றுக்கு ஆரம்பித்து இரண்டு மணி வரை. நடுவில் இரண்டு டம்ளர் காப்பி. (காப்பித் தோட்ட ஊர்க்காரனிடம் காப்பியைக் குறை சொல்ல முடியுமா!) மணிக்கட்டு வலித்தால் ஒரு வலி மாத்திரை.

இந்தப் பையனுக்கு ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. ஞாபகத்தை வைக்க வேண்டிய இடம்தான் தப்பு. எண்ணை மூளையில் வைத்திருந்தான். தாளத்தை வைக்க வேண்டிய முதல் இடம் வாய்.

நம் தவில்காரர்களையும் மிருதங்கக்காரர்களையும் பாருங்கள். அரை மணி நேரத் தனி ஆவர்த்தனத்துக்குக் கையில் துண்டுச் சீட்டு வைத்துக்கொள்கிறார்களா? கிடையாது. சின்ன வயசில் வாத்தியார் முன்னால் உட்கார்ந்தபோதே சொல்லைத்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள். தா, தீ, தொம், நம்... கையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்ல வேண்டும். சொல் சுத்தமாக வந்த பிறகே தோலில் கை வைப்பது. மூன்று என்றால் 'தகிட'. நான்கு என்றால் 'தகதிமி'. ஐந்துக்குத் 'ததிங்கிணதொம்'. (மாதக் கடைசியில் நாம் போடுகிற ததிங்கிணத்தோமும் இதே குடும்பம்தான்!) ஏழு வேண்டுமா, 'தகிடதகதிமி'. எண்ணுகிற வேலையே இல்லை. சொல்லைச் சொன்னால் கணக்கு தானாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

பையன் தாளில் எழுதி வைத்திருந்த முப்பத்திரண்டை நான் இப்படி மாற்றிக் கொடுத்தேன். 'தகிடதகதிமி' நாலு தடவை. ஆச்சா, 28. மிச்சம் நாலுக்கு ஒரு 'தகதிமி'. மொத்தம் 32. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், எட்டு அடிக்கு நாலு நாலாக, அதேதான். முப்பத்திரண்டு எண்ணாக இருந்தது ஐந்தே சொல்லாகச் சுருங்கிவிட்டது. பையன் வாயைப் பிளந்தான்.

இதற்கு நவீன மனோதத்துவத்திலும் விளக்கம் இருக்கிறது. ஒரே நேரத்தில் நம் மனசு பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய சங்கதிகள் ஏழு, கூடக்குறைய இரண்டு என்று 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க அறிஞர் எழுதினார். அதற்கும் குறைவுதான் என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். எப்படியோ, 32 என்பது கொள்ளாத மூட்டை. ஐந்து பொட்டலமாகக் கட்டிவிட்டால் தூக்கலாம். எங்கள் சேலம் பக்கம் பறை அடிக்கிறவர்களும் சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று பெயர் வைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் போதும், முழு அடியும் கையில் வந்து நிற்கும். மேல்நாட்டுக்காரர்கள் இதன் அருமையை நம்மைவிட முன்னாலேயே புரிந்துகொண்டார்களோ என்னவோ! பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் திருச்சி சங்கரன் 1971-லேயே கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொற்கட்டு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நம் பையன்கள் ஸ்வீடன் வழியாகச் சுற்றி வந்து ஏற்காட்டில் 'தகிட' கற்றுக்கொள்கிறார்கள்!

'சித்த வைத்தியருக்கு டிரம்ஸில் என்ன வேலை?' என்று நீங்கள் நினைக்கலாம். நாடி பார்க்கிறவனுக்குத் தாளம் தெரியாமல் முடியுமா? வாதம் ஒன்று, பித்தம் அரை, கபம் கால் என்பது எங்கள் மாத்திரைக் கணக்கு. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது இதை நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து நல்ல மார்க்கும் வாங்கினேன். நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்தால்... ஒன்றுமே புரியாது! எல்லாம் ஒரே துடிப்பாக இருக்கும். வாத நாடி கோழி நடை, பித்த நாடி ஆமை நடை, கப நாடி பாம்பு ஊர்வது போல என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது ஏன் என்று அப்புறம்தான் விளங்கியது. கோழியும் ஆமையும் நாம் கண்ணால் பார்த்த நடை. அந்த நடையை மனசில் வைத்துக்கொண்டு, ஆசிரியர் பக்கத்தில் நின்று, நூறு கையைத் தொட்ட பிறகு ஒரு நாள் விரலே சொல்லிற்று. எண் என்னைக் கைவிட்டது. கோழி காப்பாற்றியது.

சரி, வாய்க்கு வந்துவிட்டது. அடுத்தது கை. இங்கேதான் நம் இளைஞர்களுக்குப் பொறுமை போதவில்லை. சங்கீதத்தில் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏன் வைத்தார்கள்? முதல் காலத்தில் பிசிறில்லாமல் வந்ததைத்தான் இரண்டாம் காலத்துக்கு ஏற்ற வேண்டும். முழு வேகத்தில் பழகினால் தப்பும் சேர்ந்தே பழகிவிடும். கைக்குச் சரி, தப்பு தெரியாது. திரும்பத் திரும்ப என்ன செய்கிறோமோ அதைத்தான் அது பிடித்துக்கொள்ளும். இப்போது கம்ப்யூட்டரில் பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்கிற வசதி இருக்கிறது. பையனுக்கும் தெரிந்திருக்கிறது. "அது போர் அடிக்குது சார்" என்றான்!

இன்னொன்றும் கவனித்தேன். அவன் மறக்கிற இடம் எப்போதும் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிற ஒட்டுப் போட்ட இடம். மறந்ததும் என்ன செய்கிறான்? பாட்டின் முதலுக்கே போய் மறுபடி ஆரம்பிக்கிறான். முதல் பகுதி ஆயிரம் தடவை பழகிக் கருங்கல்லாகிவிட்டது. ஒட்டுப் போட்ட இடம் பச்சை மண்ணாகவே இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யுள் ஒப்பிக்கும்போதும் இதே கதைதான். மூன்றாம் வரியிலிருந்து சொல் என்றால் விழிக்கும். ஒட்டுக்கு முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல், அந்தத் துண்டை மட்டும் இருபது தடவை சொல்லு, பிறகு வாசி என்றேன். வாய் தடுமாறுகிற இடத்தில் கையும் தடுமாறும். குச்சியை எடுக்காமலே எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துவிடலாம். நாடி பார்ப்பதைவிடச் சுலபம்!

இந்த இடத்தில் தாய்மார்களிடம் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. பிள்ளை வாய்விட்டுப் படித்தால் "ஏன்டா கத்துறே, மனசுக்குள்ள படி" என்று அதட்டுகிறீர்களே, அது எதற்கு? டி.வி. சீரியல் கேட்கவில்லை என்பதற்காகத்தானே!

ராத்திரி இரண்டு மணி விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகப் பழகிய விரல் வேலை, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு மேலும் சீராவதை ஆராய்ச்சியாளர்கள் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் பழகியதைத் தூக்கம்தான் பதிய வைக்கிறது. தூக்கத்தைப் பிடுங்கி அந்த நேரத்தில் பழகுவது, ஊற வைக்காத உளுந்தை அரைக்கிற கதை. எட்டு மணிக்குள் பழக்கத்தை முடி, பத்தரைக்குப் படு, காலையில் பல் தேய்க்கும்போது சொற்கட்டை ஒரு தடவை சொல்லிப் பார் என்று எழுதியே கொடுத்தேன். மருந்துச் சீட்டில்தான்!

மணிக்கட்டுக்கு நான்கு நாள் ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், உளுந்துத் தைலம். விரல் மரத்துப் போனாலோ, ராத்திரி குடைந்தாலோ உடனே காட்ட வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிப்பது தீ எரியும்போது கண்ணை மூடிக்கொள்வது போல. காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளவும் சொன்னேன். மூடிய அறையில் அந்தச் சத்தம், நாள் தவறாமல்... காது போனால் எந்த லேகியமும் திருப்பித் தராது.

லேகியம்? இங்கே என் சக வைத்தியர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். வல்லாரை நல்ல மூலிகை. இந்த மலையில் ஈரமான இடத்தில் தானாகவே படர்ந்து கிடக்கிறது. கீரையாக, துவையலாக அளவோடு சாப்பிடுங்கள். ஆனால் பழகாத தாளத்தை அது கைக்குக் கொண்டுவராது, படிக்காத பாடத்தைத் தலையில் ஏற்றாது. அப்படி ஏற்றும் என்பதற்குத் திடமான சான்று இல்லை என்பதைச் சித்த மருத்துவம் படித்தவன் என்கிற முறையில் நானே சொல்கிறேன். அளவு மீறினால் தலைவலி, கிறுகிறுப்பு வரும். கல்லீரல் பாதிக்கப்பட்ட ஒன்றிரண்டு பேரைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. லேபிள்கூட ஒழுங்காக இல்லாத பாட்டிலைச் சந்தையில் வாங்கி, பரீட்சைக்கு இருக்கிற பெண்ணுக்கு வேளைக்கு இரண்டு கரண்டி கொடுத்து, வாந்தியோடு என்னிடம் தூக்கிவந்த தகப்பனாரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு பரீட்சையே போயிற்று. அந்தக் காசுக்கு ஒரு வாத்தியாரிடம் அனுப்பியிருக்கலாம்.

பையன் பாட்டில் இல்லாமல்தான் போனான். அவன் முகத்திலும் அவ்வளவு திருப்தி இல்லை.

விழா முடிந்து வந்தான். "ஒரு இடத்துல மறந்துட்டேன் சார்" என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "ஆனா வாய் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அடுத்த தகதிமியில போய்ச் சேந்துட்டேன். யாருக்கும் தெரியல." மணிக்கட்டை நீட்டினான். வீக்கம் வடிந்திருந்தது.

போன வாரம் அவன் அம்மா தனியாக வந்தார்கள். ரகசியம் பேசுகிற குரலில், "சின்னவ பிளஸ் டூ படிக்கிறாளுங்க டாக்டரய்யா... அவளுக்காவது அந்த லேகியம்..." என்றார்கள்.

கொல்லையில் கிடந்த வல்லாரையில் இரண்டு பிடி பறித்துக் கொடுத்து, புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைக்கச் சொல்லி அனுப்பினேன்.