மறுகரைக்கும் குரல் வேண்டும்

இங்கிலாந்தின் மெர்சி நதிக்கு ஒரு கரையில் லிவர்பூல், எவர்டன் என்னும் இருபெருங் கால்பந்துக் கழகங்கள். மறுகரையிலுள்ள பிர்க்கன்ஹெட்டில், 1884இல் தோன்றிய டிரான்மியர் ரோவர்ஸ். பி.பி.சி.யின் உள்ளூர் வானொலி இம்மூன்றுக்கும் ஒன்றே. வருணனை பெருங்கழகங்களின் பக்கமே சாய்கிறது என்பது சிறுகழக ரசிகர்களின் மனக்குறை. நேயர் மிகுந்த இடத்திற்கே முதலிடம் என்னும் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. அவ்வானொலியைப் பேணும் உரிமக் கட்டணம் இரு கரையினர்க்கும் சமமன்றோ? பெருங்கழகங்களையோ தொலைக்காட்சி தேடி வருகிறது. சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டங்களை அந்நாட்டில் நேரலையாகக் காட்டுவதில்லை. சிறுகழகங்கள் பெரும்பாலும் ஆடுவது அவ்வேளையில்தான். அரங்கிற்கு வரவியலாத முதியோர்க்கும் பார்வையற்றோர்க்கும் அப்போது வானொலியன்றித் துணை ஏது? (2015இல் லீக்கினின்றும் வீழ்ந்து 2018இல் மீண்ட கழகம் இது, வீழ்ந்த காலத்தன்றோ குரல் மிக வேண்டும்!) முழு ஆட்டத்திற்கும் இடமில்லையெனில், பிற்பாதியையேனும் ஒலிபரப்பட்டும்.