இயந்திரம் இசை அமைத்தால் மனிதனுக்கு என்ன குறைவு?

"இயந்திரம் எவ்வளவுதான் வேகமாகக் கணக்குப் போட்டாலும், ஒரு பாட்டை இயற்ற முடியுமா?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அக்கேள்விக்கு இடமில்லை. பாட்டு வேண்டுமா? படம் வேண்டுமா? பரிசுப் போட்டிக்குக் கட்டுரை வேண்டுமா? கேட்ட சில நொடிகளில் செயற்கை நுண்ணறிவு தந்துவிடுகிறது. ஆகவே கேள்வி மாறிவிட்டது. இயந்திரமே இயற்றித் தருமானால், மனிதன் வருந்தி இயற்றுவதற்கு இனி என்ன பொருள்?

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன், கிறிஸ்தவன். இக்கேள்விக்குக் கிறிஸ்தவச் சிந்தனை என்ன விடை தருகிறது என்பதை மாணவ நண்பர்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வேறு சமயத்தைச் சேர்ந்தவர்களும், சமய நம்பிக்கை இல்லாதவர்களும் இதனை ஆராய்ந்து, ஏற்கத் தக்கதை ஏற்கலாம், மற்றதைத் தள்ளலாம். விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு அதுவே அழகு.

கோடிட்ட இடங்களை நிரப்புக

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஜோகான் செபாஸ்டியன் பாக் (1685-1750) என்னும் ஜெர்மானிய இசை மேதையின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இவர் 1723 முதல் தம் இறுதிக் காலம் வரை லைப்சிக் நகரத்தில் தேவாலய இசைக்குப் பொறுப்பாளராக இருந்தார். சபையார் பாடும் ஞானப்பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே மேலும் மூன்று குரல்களை அவர் அமைப்பார். நான்கு குரல்களும் தனித்தனி வழியில் செல்லும். ஆனால் ஒவ்வொரு கணமும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும். இத்தகைய ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பல, 18ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் பெயர்க்கப்பட்டு, தமிழகத்து லுத்தரன் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன.

2019 மார்ச் 21 அன்று கூகுள் நிறுவனம் பாக்கின் பிறந்த நாளையொட்டி ஒரு விளையாட்டை வெளியிட்டது. நீங்கள் ஒரு சிறு மெட்டைக் கொடுத்தால், கணிப்பொறி மற்ற மூன்று குரல்களையும் பாக்கின் பாணியில் அமைத்துத் தரும். இது எப்படி முடிந்தது? பாக் அமைத்த 306 ஞானப்பாட்டு இசையமைப்புகள் அந்த இயந்திரத்துக்குப் பாடமாகத் தரப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஆங்காங்கே சில சுரங்களை அழித்துவிட்டு, 'இங்கே என்ன சுரம் இருந்திருக்கும்?' என்று இயந்திரம் ஊகிக்க வேண்டும். தவறினால் அதன் உள் எண்கள் சிறிது திருத்தப்படும். மீண்டும் ஊகம், மீண்டும் திருத்தம். தமிழ்த் தேர்வில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று வருமல்லவா? அதுவேதான்! கட்டுரை எழுதும் இயந்திரங்களும் ஏறக்குறைய இவ்வாறே பயில்கின்றன. ஏராளமான நூல்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று அவை ஊகிக்கின்றன.

இவ்வாறு ஊகித்து அமைத்த இசையில் உயிர் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் கோப் 1980களிலேயே ஒரு கணிப்பொறி நிரலை உருவாக்கத் தொடங்கினார். பழைய மேதைகளின் இசையைப் பகுத்து, துண்டுகளாக்கி, அவர்களுடைய பாணியிலேயே புதிதாக இணைப்பது அதன் வேலை. பாக்கின் பாணியில் மட்டும் 5,000 ஞானப்பாட்டு இசையமைப்புகளை அது உருவாக்கியது. 1997இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் மூன்று இசைத் துண்டுகள் பியானோவில் வாசிக்கப்பட்டன. ஒன்று பாக் இயற்றியது. ஒன்று அப்பல்கலைக்கழகத்து இசைப் பேராசிரியர் ஸ்டீவ் லார்சன் பாக்கின் பாணியில் இயற்றியது. மற்றொன்று கணிப்பொறி இயற்றியது. எது எவருடையது என்று அவையினர் கூற வேண்டும். முடிவு என்ன தெரியுமா? கணிப்பொறியின் இசையே பாக்கினுடையது என்றார்கள். பேராசிரியரின் இசையைக் கணிப்பொறியினுடையது என்றார்கள்!

தவறான ஆறுதல்

இதைக் கேட்டவுடன் நம்பிக்கையுள்ளவர்கள் சிலர் அவசரமாக ஓர் ஆறுதலைத் தேடுகிறார்கள். "இசையில் வேண்டுமானால் அவை ஏமாந்திருக்கலாம். ஆனால் உயர்ந்த கவிதையை இயந்திரம் ஒருபோதும் எழுதாது, அது மனித ஆத்மாவுக்கே உரியது" என்கிறார்கள். இவ்வழியில் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. இதற்குக் காரணம் விஞ்ஞான வரலாற்றிலேயே இருக்கிறது.

கோள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றின் பாதைகள் நாளடைவில் குலைந்துவிடும் என்றும், கடவுள் அவ்வப்போது அவற்றைச் செப்பனிட வேண்டியிருக்கும் என்றும் நியூட்டன் கருதினார். வியாழன், சனி ஆகிய கோள்களின் இயக்கத்தில் தெரிந்த ஒழுங்கின்மை, நீண்ட காலத்துக்கு ஒருமுறை தானே திரும்பி வருவதுதான் என்று 1780களில் லாப்லாஸ் கணக்கிட்டுக் காட்டினார். கடவுளுக்கென்று ஒதுக்கிவைத்த இடம் ஒரு கணக்கினால் நிரம்பிவிட்டது!

இந்த ஆபத்தைத் தெளிவாக உணர்ந்தவர் டயட்ரிச் போன்ஹோபர் என்னும் ஜெர்மானியப் போதகர். இட்லரை எதிர்த்தமைக்காகச் சிறையிலிடப்பட்டு, 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டவர். 1944 மே மாதம், சிறையில் வைட்சேக்கர் என்னும் பௌதிக அறிஞரின் நூலைப் படித்துவிட்டு அவர் தம் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் அறிவில் உள்ள ஓட்டைகளை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தக் கூடாது. அறிவு வளர வளர அந்த ஓட்டைகள் சுருங்கும், கடவுளும் பின்வாங்கிக்கொண்டே போவார். நாம் அறியாதவற்றில் அல்ல, அறிந்தவற்றில்தான் கடவுளைக் காண வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம்.

கடவுளைப் பற்றி அவர் கூறியதை நான் மனிதனுக்கும் பொருத்திப் பார்க்கிறேன். 'இயந்திரத்தால் இதைச் செய்ய முடியாது. ஆகவே மனிதன் உயர்ந்தவன்' என்று சொன்னால், மனிதனை நாம் கோடிட்ட இடத்தில் குடிவைக்கிறோம். சதுரங்கம் அப்படி ஓர் இடமாக இருந்தது. 1997 மே மாதம் அது நிரம்பியது. 'கோ' என்னும் ஆட்டம் அப்படி இருந்தது. 2016இல் அதுவும் நிரம்பியது. நாளை எது நிரம்பும் என்று அஞ்சிக்கொண்டே வாழ்வதா மனிதனின் பெருமை?

பைபிள் கூறுவது

மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்கிறது ஆதியாகமம். மற்ற எதனாலும் செய்ய முடியாத ஒரு வித்தை அவனுக்குத் தெரியும் என்று அது கூறவில்லை. அந்தச் சாயலுக்குரிய வேலையாக அங்கே சொல்லப்படுவது, தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும், உயிரினங்களுக்குப் பெயரிடுவதும் ஆகும். இவை ஒப்படைக்கப்பட்ட பொறுப்புகள்.

யாத்திராகமத்தில் பெசலெயேல் என்னும் கைவினைஞனைக் காண்கிறோம். பைபிளில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று முதன்முதலாகச் சொல்லப்படுபவன் ஓர் அரசனோ குருவோ அல்லன்; பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்த இவனே. அவனுக்குக் கைத்திறனோடு, பிறருக்கு அதைக் கற்றுக்கொடுக்கும் மனமும் அருளப்பட்டதாக அந்நூல் கூறுகிறது. இதனைக் கவனியுங்கள். கூடாரத்தில் வைக்கும் பொருள் மட்டும் வேண்டுமென்றால், கற்றுக்கொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. பொருளோடு மனிதர்களும் உருவாக வேண்டும் என்பது அங்கே கருத்து.

"பாக்கும் பிறரைப் பார்த்துத்தானே கற்றார்? பிறகு இயந்திரத்தை மட்டும் ஏன் குறை கூற வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாக் மற்றவர்களின் இசையைக் கையால் பிரதி எடுத்துப் பயின்றவர். இத்தாலியரான விவால்டியின் இசையை விசைப்பலகைக் கருவிகளுக்கு மாற்றி எழுதியவர். ஞானப்பாட்டுகளின் மெட்டுகளில் பெரும்பாலானவை அவருடையவை அல்ல. ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பது கடவுளின் செயல் மட்டுமே என்று கிறிஸ்தவம் கூறுகிறது; மனிதர் எல்லோரும் கிடைத்ததைக் கொண்டே படைக்கிறோம். ஆகவே மூலப்பொருளில் வேறுபாட்டைத் தேடிப் பயனில்லை.

வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. பாக் தம் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் தொடக்கத்தில், இயேசுவின் துணையை வேண்டும் இரண்டு எழுத்துகளைப் பொறித்தார். முடிவில், மகிமை கடவுளுக்கே என்று பொருள்படும் மூன்று எழுத்துகளைப் பொறித்தார். அந்த இசைக்கு ஒரு தொடக்கம் உண்டு: தன்னால் மட்டும் ஆகாது என்று உதவி கேட்ட ஒரு மனிதன். அதற்கு ஒரு முடிவும் உண்டு: யாருக்குப் படைக்கப்பட்டது என்ற முகவரி. பத்து வயது நிறைவதற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர், பெற்ற பிள்ளைகள் இருபது பேரில் பாதிப் பேரை இளமையிலேயே பறிகொடுத்தவர், அடுத்த ஞாயிறன்று கூடவிருந்த சபைக்காக எழுதிய இசை அது. அதே சுரங்களைக் கணிப்பொறியும் நாளை எழுதலாம். ஆனால் உதவி கேட்கவும், ஒருவருக்கு அர்ப்பணிக்கவும், எழுதியதற்குப் பொறுப்பேற்கவும் அங்கே ஒருவர் வேண்டும்.

ஜெபத்தில் இது இன்னும் தெளிவாகும். 2023 ஜூன் மாதம் ஜெர்மனியில் பியூர்த் நகரத் தேவாலயம் ஒன்றில், பெரும்பகுதி சாட்ஜிபிடியால் எழுதப்பட்ட ஆராதனை நடந்தது. முந்நூறுக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். திரையில் தோன்றிய உருவங்கள் பிரசங்கம் செய்தன, ஜெபமும் கூறின. சொற்களில் பெரிய பிழை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஜெபித்தது யார்? பிறர் எழுதிவைத்த ஜெபத்தை நாங்களும் வாசிக்கிறோம். வாசிப்பவர் அதைத் தம்முடையதாக்கிக் கூறும்போதுதான் அது ஜெபமாகிறது. ஒரு மனிதர் எடுத்துச் சொல்லும் வரை இயந்திரத்தின் சொற்கள் காகிதத்தில் உள்ள சொற்களே.

கருவி வேண்டாமா?

இயந்திரத்தை வெறுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. பாக்கின் காலத்தில் மனிதன் செய்த மிகச் சிக்கலான இயந்திரங்களில் ஒன்று தேவாலய ஆர்கன். ஆயிரக்கணக்கான குழாய்கள், துருத்திகள், நெம்புகோல்கள் கொண்டது. புதிய ஆர்கன்களைச் சோதித்துச் சான்று தருவதில் பாக் பெயர் பெற்ற நிபுணர்! செயற்கை நுண்ணறிவை மனித அறிவின் செயற்கை வடிவமாகக் கருதாமல், மனித அறிவு உண்டாக்கிய ஒரு பொருளாகக் கருத வேண்டும் என்று வத்திக்கான் 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆவணம் கூறுகிறது. இது சரியான இடத்தில் வைத்துப் பார்ப்பதாகும்.

ஆனால் கருவியிலும் நீதி உண்டு. பாக் மறைந்து 270 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவர் இசை எல்லோருக்கும் பொது. உயிரோடிருக்கும் ஓவியர், எழுத்தாளர் நிலை அப்படியில்லை. அவர்களைக் கேளாமலே அவர்கள் படைப்பைப் பாடமாக்கி, பிறகு அவர்களுக்கு வரவேண்டிய வேலையையும் இயந்திரம் எடுத்துக்கொண்டால் என்ன நியாயம்? உழைத்தவன் கூலியைப் பிடித்துவைப்பது பாவம் என்பது பைபிளில் திரும்பத் திரும்ப வரும் போதனை. ஆலைத் தொழிலாளரின் உரிமைக்காக 1891இல் சுற்றறிக்கை எழுதினார் பதின்மூன்றாம் லியோ என்னும் போப்பாண்டவர். 2025 மே மாதம் பொறுப்பேற்ற புதிய போப்பாண்டவர், அவரை நினைந்தே பதினான்காம் லியோ என்னும் பெயரை ஏற்றதாகக் கூறியபோது, செயற்கை நுண்ணறிவையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார்.

இனி உங்கள் பங்கு

தனி ஊசலை ஆடவிட்டு, இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். அல்லது செய்யப் போகிறீர்கள். விடை 9.8 என்பது எல்லோருக்கும் தெரியும். உங்களிடமிருந்து அந்த எண்ணைப் பெறுவதற்காக நாங்கள் அச்சோதனையைத் தருவதில்லை. அளக்கும் கை, பிழையைக் காணும் கண், வந்ததை வந்தபடி எழுதும் நேர்மை, இவை உங்களிடம் உருவாக வேண்டும் என்பதற்காகவே தருகிறோம். கட்டுரையும் கவிதையும் ஓவியமும் இப்படித்தான். இயந்திரம் எழுதிய கட்டுரைக்குப் பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் எழுதுவதால் உருவாகியிருக்க வேண்டிய ஒருவர் உருவாகாமல் போகிறார். அந்த நஷ்டம் மதிப்பெண் பட்டியலில் தெரியாது.

ஐயம் கேளுங்கள், பிழை திருத்தச் சொல்லுங்கள், உங்கள் வாதத்தை எதிர்த்துப் பேசவும் சொல்லுங்கள். இவற்றுக்கெல்லாம் இயந்திரம் நல்ல துணை. உங்களுக்குத் தரப்பட்ட வேலையை மட்டும் அதனிடம் தள்ளிவிடாதீர்கள். இயேசு கூறிய உவமை ஒன்றில், எஜமான் ஒப்படைத்த ஒரு தாலந்தை ஊழியன் ஒருவன் பத்திரமாக மண்ணில் புதைத்துவைத்தான். அவன் அதைத் தொலைக்கவில்லை, திருடவுமில்லை. இருந்தும் கண்டிக்கப்பட்டான், தன் பங்கை அவன் செய்யவே இல்லை.

உங்கள் முதல் கவிதை சுமாராகத்தான் இருக்கும். இயந்திரத்தினுடையது அதைவிட நன்றாகவே இருக்கும். அதனால் என்ன? உங்கள் கவிதையை நீங்களே எழுதுங்கள்.