குறத்தியும் பாடினாள்

இந்த மாதம் எத்தனை பேருக்கு நற்செய்தி சொன்னீர்கள் என்று சபைகளில் கணக்குக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதநாயக சாஸ்திரியார்தான் நினைவுக்கு வருகிறார். 1774-இல் நெல்லைச் சீமையில் பிறந்து, தஞ்சையில் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்த கவிஞர். கிறிஸ்துவைப் பாட அவர் எடுத்துக்கொண்ட வடிவம் குறவஞ்சி! ‘குற்றாலக் குறவஞ்சி’யில் குறி சொன்ன குறத்தியைப் ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் இயேசுவின் புகழ் பாட வைத்துவிட்டார். மனம் பொங்காதவனுக்கு அந்தத் துணிச்சல் வருமா? கடமைக்குச் செய்கிறவன் துண்டுப்பிரதியை நீட்டிவிட்டு நடையைக் கட்டியிருப்பான்.

இன்றும் டிசம்பர் இரவுகளில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கேரல் ரவுண்ட்ஸ் போகும் பிள்ளைகளைப் பாருங்கள். தொண்டை கட்டிப்போயிருக்கும், பனியில் டோலக்கின் தோல் தொய்ந்திருக்கும். அப்படியும் சந்தோஷமாக அடுத்த வீட்டு வாசலுக்கு ஓடுவார்கள். பக்கத்து வீட்டு இந்து அம்மா கதவைத் திறந்து நின்று கேட்பார். அவருடைய சாமியை யாரும் பழிப்பதில்லை, அவரிடம் எதையும் வற்புறுத்துவதும் இல்லை. இதுதான் சாட்சி என்பேன். அருமைச் சகோதரரே, அந்தச் சந்தோஷம் உங்களுக்குள் வற்றியிருந்தால், அடுத்தவர் கதவைத் தட்டுமுன் முழங்காலில் நின்று அதைக் கேட்டு வாங்குங்கள்.