தட்டில் செத்த செல்

ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருமுனைச் செக்கெண்ணெய்க் கடையில் ஒரு அம்மா ஆளிவிதை எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார். மகனுக்கு மூளையில் க்ளையோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி. "லேப்ல இந்த எண்ணெய்ச் சத்து பட்டதும் கேன்சர் செல் செத்துப்போச்சாம் தம்பி. தினம் நாலு ஸ்பூன் குடுத்தா கரண்ட்டே வைக்க வேணாமாம்." கரண்ட் என்றால் கதிர் சிகிச்சை.

செல் செத்தது உண்மை. நானே அந்த வேலை செய்தவன். 96 குழிகள் உள்ள ப்ளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, எத்தனாலில் கரைத்த கொழுப்பு அமிலத்தைச் சொட்டுவோம். இரண்டு மூன்று நாள் கழித்து மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். செத்த குழி மஞ்சளாகவே கிடக்கும். ஆனால் அதே அமிலத்தோடு ஆல்புமின் புரதத்தையும் சேர்த்துச் சொட்டினால் செல்கள் பிழைக்கும், குழிகள் ஊதாவாகும். அமிலத்தை ஆல்புமின் பிடித்துவைத்துக்கொள்கிறது. நம் ரத்தத்தில் கொழுப்பாகக் கோக்கப்படாமல் ஓடும் கொழுப்பு அமிலத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் அப்படிப் பிடிபட்டதுதான். குடித்த எண்ணெய் அதைத் தாண்டி, குடலையும் கல்லீரலையும் தாண்டி, கட்டிக்குள் அந்த அளவில் சேர வழியே இல்லை.

செல்லும் நோயாளியும் ஒன்றல்ல. உலகமே பயன்படுத்தும் யு87 செல்வரிசை 1960-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளியின் மூளைக்கட்டியிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்டது. ஆய்வகங்களில் இருப்பது அந்தக் கட்டியோடு பொருந்தவில்லை என்று 2016-இல் உப்சாலாக்காரர்களே கண்டுபிடித்தார்கள்.

"ஹைதராபாத்திலேயே கொழுப்பு அமிலத்தை மனிதர்களுக்குக் கொடுத்தார்களே" என்பார்கள். கொடுத்தார்கள். ஆய்வாளர் உண்டுர்த்தி தாஸும் உடனிருந்தவர்களும் காமா லினோலெனிக் அமிலத்தைக் கட்டிக்குள்ளேயே செலுத்தி, கட்டி சுருங்கியதாக 1992-இல் எழுதினார்கள். மதிக்க வேண்டிய முயற்சி. ஆனால் நோயாளிகள் 6 பேர்தான். அவர்கள் வாயால் குடிக்கவில்லை. ஆளிவிதையில் நிறைந்திருப்பதோ ஆல்ஃபா லினோலெனிக். இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடமே வேறு.

கொழுப்பு அமிலத்தின் பலனை மருந்துக் கம்பெனிகள் மறைக்கின்றன என்பதும் நிற்காது. ஓலியிக் அமிலத்தை மாற்றியமைத்து ஸ்பெயினில் உருவாக்கிய ஒரு சேர்மம் நோயாளிகளிடமே சோதனைக்கு வந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த "கரண்ட் வேணாம்" என்ற பேச்சில்தான். கதிர் சிகிச்சையோடு டெமோசோலமைடு மருந்தும் சேர்ந்தபோது இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10-இலிருந்து 26 ஆனார்கள். 573 பேரை வைத்து 2005-இல் வெளியான கணக்கு இது. குறைவுதான், ஆனாலும் கையில் இருப்பது அது.

அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. எண்ணெயைச் சோற்றில் ஊற்றிக் கொடுக்கலாமா என்று கேட்டார். டாக்டரிடம் கேட்டுவிட்டு ஊற்றுங்கள், திங்கட்கிழமை கரண்ட்டுக்கு மட்டும் கூட்டிப்போய்விடுங்கள் என்றேன். பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்குப் போகணும்?" என்றார்.