திரித்துவமும் நமது சோம்பலும்

நம் நண்பர்கள் வட்டாரத்தில் கிறிஸ்தவத் திரித்துவம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே வாக்கியங்கள்தாம் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, ‘மூன்று எப்படி ஒன்றாகும்?’ என்கிற பகுத்தறிவுக் கேள்வி. மற்றது, ‘நம் மும்மூர்த்தி மாதிரிதானே’ என்கிற பெருந்தன்மை. முதலாவதைச் சொல்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் கதவைச் சாத்திவிட்டார். சாத்திய கதவு என்றாவது திறக்கலாம். இரண்டாமவர்தான் ஆபத்தானவர். அவர் உள்ளே வராமலே உள்ளிருப்பதையெல்லாம் தெரிந்துகொண்டவர்.

நான் கிறிஸ்தவன் அல்ல. விசுவாசத்துக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. ஒரு சிந்தனையை அதன் சொந்த முகத்தோடு பார்க்க மறுப்பது விமர்சனக் குற்றம். ஒரு புதுக்கவிதையை ‘இது கம்பனிலேயே இருக்கிறது’ என்று ஒதுக்கும் பண்டிதரை நாம் சும்மா விடுவதில்லை. பிறகு இதில் மட்டும் ஏன் நாமே பண்டிதராகிறோம்?

மும்மூர்த்தி என்பது தொழிற்பங்கீடு. படைத்தல், காத்தல், அழித்தல். திரித்துவத்தில் அந்தப் பங்கீடு இல்லை. உலகைப் படைத்தது பிதா மட்டுமல்ல, மூவரும் பிரிவில்லாமல் செய்த காரியம் அது என்பதே அகஸ்டின் வழி வந்த மரபு. மூவரும் வேறுபடுவது வேலையில் அல்ல, உறவில். சுதன் இருப்பதால்தான் பிதா பிதா. அந்த உறவைக் கழித்துவிட்டால், அதற்குப் பின்னால் பிதா என்று தனியே ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை. ஆவியானவர் அவ்விருவருக்கும் இடையிலான அன்பு என்று மேற்கத்திய மரபு சொல்லும். ஆக, இருப்பு முதலில், உறவு பிறகு என்ற நம் வழக்கமான வரிசையே இங்கே கவிழ்ந்துபோகிறது. கூட்டல் கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் இந்தக் கவிழ்ப்பைப் பார்ப்பதேயில்லை.

பல போதகர்களும் இதற்கு உடந்தை. நீர், பனிக்கட்டி, நீராவி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருவரே மூன்று வேஷம் கட்டுகிறார் என்று மூன்றாம் நூற்றாண்டில் ஸபெல்லியஸின் பெயரால் எழுந்து, சபையால் தள்ளப்பட்ட கருத்துதான் அது. (வங்கிக் குமாஸ்தாவான என்னிடம் கூட்டுக் கணக்கு என்று ஓர் உவமை தயாராக இருக்கிறது. அதுவும் பொய், சொல்லப்போவதில்லை.) வேஷம்தான் என்றால் என்ன நஷ்டம்? கெத்சமனே தோட்டத்தில் இயேசு வியர்க்க வியர்க்க மன்றாடியது தனிமொழியாகிவிடும். ஒரு நடிகன் தன்னுடைய மற்றொரு முகமூடியிடம் அழுததாகிவிடும். ‘பெர்ஸோனா’ என்ற லத்தீன் சொல்லே நாடக முகமூடியைக் குறித்ததுதான். கிரேக்கர்கள் இந்த ஆபத்தை மோப்பம் பிடித்து ‘ஹைப்போஸ்டாஸிஸ்’ என்ற சொல்லைப் பற்றிக்கொண்டார்கள். மௌனமாக இருந்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் மூன்று ஆட்கள் என்று சொல்லுகிறோம் என்று அகஸ்டினே ஒத்துக்கொண்டார். சொல் போதாது என்று தெரிந்தே சொல்லைக் கையாண்ட அந்த நேர்மை நம்மில் எத்தனை விமர்சகர்களிடம் இருக்கிறது?

மறுபக்கம் ஏரியஸ். சுதன் மேலானவர்தான், ஆனால் படைக்கப்பட்டவர், பிதாவுக்கு ஒரு படி கீழே என்றார் அவர். 325-இல் கூடிய நைஸீயா சங்கம் அந்தப் படியை உடைத்தது. சுதனும் பிதாவும் ஒரே சாரம் என்று அறிவித்தது. 2025-இல் அதற்கு 1700 ஆண்டு நிறைந்தது. கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் அரசியல் அதில் இருந்தது என்பார்கள். இருந்தது. அரசியல் இருந்ததால் சிந்தனை இல்லாமல் போய்விடாது.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கரைப்பது, எல்லாவற்றையும் படிப்படியாக அடுக்குவது என்ற இரண்டு சபலங்களையும் திரித்துவம் மறுக்கிறது. நாமோ இரண்டையும் ஒரே நாளில் செய்கிறவர்கள். மேடையில் அத்வைதம், தெருவில் படிக்கட்டு. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்பவர் யாரோடு பந்தியில் உட்காருகிறார் என்று பார்த்தால் தெரியும்.

சாந்திவனத்தைச் சொல்லி என்னை மடக்க நினைப்பவர்கள் உண்டு. நாமக்கல்லுக்குத் தெற்கே, மோகனூரைத் தாண்டிக் காவிரி கிழக்கே போகும் வழியில், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் இருக்கிறது அந்த ஆசிரமம். 1950-இல் மோன்ஷனேன், லெ ஸோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கினார்கள். சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர். சத் பிதா, சித் சுதன், ஆனந்தம் ஆவி. கேசவ சந்திர சென் 1882-இல் பேசியதும், பிரம்மபாந்தவ் உபாத்யாய 1898-இல் துதியாகப் பாடியதும் இதே சமன்பாடுதான். அந்த மனிதர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சத் சித்தைப் பார்த்து ‘நீ’ என்று அழைப்பதில்லை. ஆனந்தத்தை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. அவை ஒன்றின் மூன்று இலக்கணங்கள். ஒருவரையொருவர் நேசிக்கிற மூவர் அல்ல. மோன்ஷனேனுக்கே இது தெரிந்திருந்தது. 1957-இல் பாரிஸில் இறப்பதற்கு முன், அத்வைதத்தைக் கடந்துபோய் அப்பால் கிறிஸ்தவத்தை மீட்டெடுக்க முடியுமா என்று அவர் மனமாரச் சந்தேகப்பட்டார். லெ ஸோ அபிஷிக்தானந்தராகி, 1973-இல் சாகும்வரை இரண்டுக்கும் நடுவில் கிழிபட்டார். அந்தக் கிழிசலை விட்டுவிட்டுச் சமன்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது நம் வசதி.

அங்கே கோபுரத்தில் திரித்துவத்தை மூன்று தலையுள்ள ஒரே உருவமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரே உடம்பில் முளைத்த தலைகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. மூன்று முகம் கொண்ட திரித்துவ உருவங்களை எட்டாம் உர்பன் பாப்பரசர் 1628-இல் தடை செய்தார். பாப்பரசர்கள் தடை செய்ததையெல்லாம் நான் ஆதரிப்பவன் அல்ல. இதில் அவருக்குக் கண் இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

படிக்கட்டின் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ராபர்ட் டி நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம் வந்தார். அங்கே ராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். பிறகு சேலம். மதுரையில் பிராமண சந்நியாசிக் கோலத்தில் அவர் அணிந்த பூணூலில் ஐந்து இழை. மூன்று பொன் இழை திரித்துவத்துக்கு, இரண்டு வெள்ளி இழை கிறிஸ்துவின் உடலுக்கும் ஆன்மாவுக்கும். பூணூலையும் குடுமியையும் ரோம் அனுமதித்ததும் அதே 1623-இல். ஏற்றத்தாழ்வே இல்லாத மூவரை, ஏற்றத்தாழ்வைத் தோளில் எழுதிக்காட்டும் நூலில் கோத்தார்கள். 1640-இலிருந்து தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று பண்டார சாமிகள் தனியாக வந்தார்கள். ஒரே கடவுள், இரண்டு தர குருக்கள். வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலில் சாதிக்குச் சாதி தனித்தனியாக நிற்கச் சுவர் வைத்தார்கள். 1910-இல்தான் அதை இடித்தார்கள். மூவரும் சமம் என்ற விசுவாசப் பிரமாணத்தைச் சுவருக்கு இருபுறமும் நின்று சொன்னவர்களுக்கு ஏரியஸைச் சபிக்க என்ன யோக்கியதை?

இதையெல்லாம் டி நொபிலியின் சாமர்த்தியம் என்றும், பண்பாட்டு உரையாடல் என்றும் இப்போது எழுதுகிறார்கள். அவருடைய தமிழ் உழைப்பு பெரிது. ஆனால் உரையாட வேண்டுமானால் இரண்டு தரப்பும் இருக்கவேண்டும். ஒரு தரப்பு மற்றதன் வேஷத்தைக் கட்டிக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு.

கத்தோலிக்கத் தமிழ் இந்த மூவருக்கும் ‘ஆள்’ என்ற சொல்லை வைத்தது. மூன்று ஆட்கள், ஒரே சர்வேசுரன். பிற்பாடு புராட்டஸ்டண்ட்காரர்கள் ‘ஆள்தத்துவம்’ என்று ஒரு வாலை ஒட்டினார்கள். ஒட்டியதும் சொல்லிலிருந்த வியர்வை காய்ந்துபோயிற்று. எங்கள் பக்கத்தில் குச்சிக்கிழங்கு பிடுங்க எத்தனை ஆள் என்பார்கள். அங்கே ஆளுக்குப் பெயர் இல்லை, எண்ணிக்கையும் கூலியும்தான். ‘அவன் நம்ம ஆளா?’ என்பார்கள். அங்கே எண்ணிக்கை இல்லை, சாதிதான். இந்தக் கூலிச் சொல்லையே, இந்தச் சாதிச் சொல்லையே எடுத்து, ஒருவர் இன்னொருவருக்குக் கூலியாகாத, ஒருவரின்றி ஒருவர் இல்லாத மூவர் என்று எழுதிய வாக்கியம் உபதேசப் புத்தகங்களில் வெகுகாலமாகக் கிடக்கிறது. மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்களுக்கு அது காதில் விழவில்லை. ஞானோபதேசத்தில் என்ன இலக்கியம் என்று நாமும் எடுத்துப் பார்க்கவில்லை.