ஏரிக்கு யார் காவல்?

மீன்சுருட்டிக்கு அருகே, கங்கைகொண்ட சோழபுரத்தில் பெரிய ஏரி ஒன்று உண்டு. ராஜேந்திர சோழன் வெட்டியது. பெயர் சோழகங்கம். மக்களுக்கு அது பொன்னேரி.

இதுபோன்ற ஏரிகளைத் தூர்வார சர்க்கார் பணம் தரத்தான் வேண்டும். பிறகு யார் காப்பது?

அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் இதைத்தான் ஆராய்ந்தார். நேபாளத்தில் அவர் கண்டது என்ன? சர்க்கார் கட்டிய கால்வாய்களைவிட, உழவர்களே வெட்டிய மண் வாய்க்கால்களில் கடைமடைக்கு நீர் நன்றாகப் பாய்ந்தது! முறை வைத்தவர்களும் உழவர்கள். மீறியவருக்கு அபராதம் போட்டவர்களும் உழவர்கள். 2009-ல் அம்மையாருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

நம் பக்கத்தில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர். 2017-ல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே திட்டம் தொடங்கியது. நல்லதுதான். மண் வாரும் வேலையை மட்டும் உழவரிடம் கொடுத்தால் போதுமா? மதகை எப்போது திறப்பது என்று சொல்லும் அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும்.